உட்பொருளைத் தேடுகிறவனுக்குக் கூடுதல் வேலை

குர்ஆனுக்கு உட்பொருள் உண்டு என்று வாய் திறந்தால் எங்கள் பக்கம் இப்போது இரண்டு விதமாகப் பேச்சு கிளம்புகிறது. ஒரு சாரார் "அதெல்லாம் வழிகேடு" என்று அங்கேயே அடைத்துவிடுகிறார்கள். இன்னொரு சாரார், உட்பொருள் தெரிந்தவனுக்குத் தொழுகை எதற்கு, நோன்பு எதற்கு என்று கேட்கும் அளவுக்குப் போய்விடுகிறார்கள். ஞானப் பாடல்கள் பாடிய சூஃபி பீரப்பா (பீர் முகம்மது அப்பா) அடங்கியிருக்கும் தக்கலையில் இருந்துகொண்டு இந்த இரண்டையும் கேட்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

இஸ்லாமிய ஞானிகளான சூஃபிகள் குர்ஆனை எப்படி ஓதினார்கள் என்று அவர்களிடமே கேட்போம். 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, ‘மிஷ்காத்துல் அன்வார்’ நூலில் குர்ஆனின் தாஹா சூராவின் (அத்தியாயத்தின்) 12ஆம் ஆயத்தை (வசனத்தை) எடுக்கிறார். துவா பள்ளத்தாக்கில் மூஸா நபியைப் பார்த்து இறைவன், "உம் செருப்புகளைக் கழற்றும்" என்கிறான். அந்த இரண்டு செருப்பும் இம்மையும் மறுமையும் என்பது உள்விளக்கம். கஸ்ஸாலி அதை ஏற்றுக்கொள்கிறார். ஆனால் மூஸா நபி காலில் கிடந்த செருப்பையும் கழற்றினார், உள்ளத்திலிருந்து இரண்டு உலகங்களையும் கழற்றினார் என்கிறார். ஒன்றைச் செய்ததால் மற்றது தள்ளுபடியாகவில்லை.

நாய் இருக்கும் வீட்டில் மலக்குகள் (வானவர்கள்) நுழைவதில்லை என்ற ஹதீஸையும் (நபிமொழியையும்) அதே நூலில் பேசுகிறார். கோபம் என்னும் நாயை உள்ளத்திலிருந்து விரட்டு என்பது உட்பொருள். அதைச் சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் நாயை வைத்துக்கொள்பவனை அவர் ஒப்புக்கொள்வதில்லை. வெளிப்பொருளைத் தூக்கி எறிந்த பாத்தினிய்யாக்கள் என்னும் பிரிவினரை எதிர்த்துத் தனி நூலே எழுதியவர் அல்லவா!

அவருடைய கண்டிப்பு அதோடு நிற்கவில்லை. "ஃபிர்அவ்னிடம் செல்லும், அவன் வரம்பு மீறிவிட்டான்" என்று மூஸா நபிக்குச் சொல்லப்பட்ட ஆயத்தை ஓதி, ஃபிர்அவ்ன் (எகிப்து மன்னன்) என்றால் நெஞ்சுதான் என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டும் பிரசங்கிகள் அவர் காலத்திலும் இருந்தார்கள். நோக்கம் நல்லதாக இருந்தாலும் அது கூடாது என்று கஸ்ஸாலி தம் ‘இஹ்யா’ நூலில் எழுதுகிறார். பேச்சை அழகுபடுத்த ஆயத்தை வளைக்கும் உரிமை யாருக்கும் இல்லை. இன்று மேடையில் கைதட்டலுக்காக உட்பொருள் பேசுகிறவர்கள் அந்தப் பக்கத்தை ஒருமுறையாவது படிக்க வேண்டும்.

அவருக்கு முன்பே, 896இல் மறைந்த ஸஹ்ல் துஸ்தரி ஒவ்வொரு ஆயத்துக்கும் நான்கு நிலைகள் சொன்னார்: ஓதுதல், விளங்குதல், ஹலால் ஹராம் என்னும் எல்லை, உள்ளம் ஏறி நின்று காணும் இடம். எல்லையைத் தாண்டிக் குதித்து நான்காவதற்குப் போக வழியில்லை. உட்பொருளைத் தேடுகிறவனுக்குச் சுமை கூடத்தான் செய்கிறது. செருப்பைக் கழற்றியவன் பற்றையும் கழற்ற வேண்டும். நாயை வெளியே கட்டியவன் கோபத்தையும் கட்ட வேண்டும். ஒரு விளக்கம் எனக்குச் சலுகை தருகிறதா, என் மீது வேலையை ஏற்றுகிறதா என்றுதான் நான் பார்க்கிறேன்.

தமிழில் இந்த மரபு நம் மண்ணிலேயே இருக்கிறது. கோட்டாறு ஞானியார் சாகிபு பாடியிருக்கிறார். அவருக்கு முன்னரே பீரப்பா, இறைவன் பெயரால் தொடங்குவதாகச் சொல்லும் பிஸ்மியை எடுத்துக் குறமாகப் பாடினார்: ‘பிஸ்மில் குறம்’. குறத்தி குறி சொல்வதைக் கேட்டுப் பழகிய மக்களுக்கு அவர்கள் காதுக்குப் பிடித்த வடிவிலேயே ஞானத்தைக் கொண்டுபோனார்.

ரஜப் மாதம் பிறை 14 இரவில் தக்கலையில் பீரப்பாவின் ‘ஞானப் புகழ்ச்சி’ பாடுகிறார்கள். ஒருமுறை என் பக்கத்தில் இருந்த பெரியவர் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, ஒரு சீர் பிசகாமல் பாடிக்கொண்டிருந்தார். விரல் மட்டும் அட்டைமேல் தாளம் போட்டது. அவருக்கு அடுத்து இருந்த பையன் வரியைத் தேடிப் பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு என்ன அர்த்தம் வாப்பா?" என்றான். வாப்பா "பாடு, பாடு" என்றார்.

அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும். பதில் கிடைக்காத பிள்ளைதான் நாளைக்கு மேலே சொன்ன இரண்டு சாராரில் ஒருவரிடம் போய்ச் சேருவான். எங்கள் ஜமாஅத்துகளிடம் நான் கேட்பது இதுதான்: ரஜபுக்கு முந்தைய வாரங்களில், மஃரிப் தொழுகைக்குப் பின் மதரஸாவில் ஓர் ஆலிமும் (மார்க்க அறிஞரும்) ஒரு தமிழாசிரியரும் சேர்ந்து உட்கார்ந்து இந்தப் பாடல்களை விளக்கட்டும். ஆயத்து எங்கே வருகிறது என்று ஆலிம் காட்டட்டும். சொல்லைப் பிரித்துத் தமிழாசிரியர் சொல்லட்டும். பெண்களுக்கும் இடம் இருக்கட்டும். ‘பிஸ்மில் குற’த்திலிருந்து தொடங்கலாம், பிஸ்மி தெரியாத பிள்ளை இல்லை. யாராவது முன்வந்தால் பாய் விரிப்பதிலிருந்து எல்லா வேலைக்கும் நான் வருகிறேன்.