வரிசை தவறினால் சிரிப்பு செத்துப்போகும்

பாதியில் நிறுத்தப்பட்ட கார்ட்டூன் தொடர் ஒன்று டிவிடியாக வந்தால், "ஓடாத சரக்கைத் தட்டில் போட்டுத் தள்ளிவிடுகிறார்கள்" என்று சொல்பவர்கள் உண்டு. அண்மையில் ஒரு நண்பர் அப்படிச் சொன்னபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. பேசித் தீர்க்க நேரமில்லாததால் இங்கே எழுதுகிறேன். நிறுத்தப்பட்ட பல தொடர்களுக்கு அந்த டிவிடிதான் முதல் ஒழுங்கான ஒளிபரப்பு. சானலில் நடந்தது ஒளிபரப்பே இல்லை என்றுகூடச் சொல்வேன்.

'கிளெர்க்ஸ்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். கெவின் ஸ்மித் 1994-இல் அதே பெயரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தார். நியூ ஜெர்சியில் தான் வேலை பார்த்த கடையிலேயே, கடை சாத்திய பிறகு இரவில், சுமார் 27,000 டாலர் செலவில் எடுத்த படம். பெட்டிக்கடைக்குக் கொஞ்சம் பெரியதான ஒரு கடையில் நிற்கும் டான்டே, பக்கத்து வீடியோ வாடகைக் கடையில் உட்கார்ந்திருக்கும் ராண்டல், இருவரும் நாள் முழுக்கப் பேசும் பேச்சு. அவ்வளவுதான் கதை. பிறகு ஸ்மித், டேவிட் மேண்டல், ஸ்காட் மோஸியர் மூவரும் சேர்ந்து அதை அனிமேஷன் நகைச்சுவைத் தொடராக்கினார்கள். மொத்தம் ஆறு எபிசோடுகள். ஏபிசி சானல் 2000 மே 31 அன்று ஒன்றைக் காட்டியது, அடுத்த வாரம் இன்னொன்றைக் காட்டியது, அத்தோடு கதையை முடித்துவிட்டது. மீதி நான்கும் பெட்டிக்குள் போயின.

இரண்டே எபிசோடு என்பதுகூட எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. எந்த இரண்டு என்பதில்தான் வயிறு எரிகிறது. முதலில் காட்டியது நான்காவது எபிசோடு. யார் டான்டே, யார் ராண்டல், வாசலில் நிற்கும் ஜேயும் சைலன்ட் பாபும் எந்த ஊர் ஆட்கள் என்று எதுவும் தெரியாத பார்வையாளரை நேராக ஒரு நீதிமன்ற வழக்கின் நடுவில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். அடுத்ததாகக் காட்டியது இரண்டாவது எபிசோடு. இங்கேதான் நான் சற்று நின்று சொல்ல வேண்டும்.

அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களில் ஒரு பழைய வழக்கம் உண்டு. சில வருடங்கள் ஓடிய தொடரில், பாத்திரங்கள் எங்காவது மாட்டிக்கொண்டு "அன்று நடந்தது ஞாபகம் இருக்கிறதா?" என்று பேச ஆரம்பிப்பார்கள். உடனே பழைய எபிசோடுகளின் காட்சிகளை வெட்டி ஒட்டி ஓட்டுவார்கள். ஒரு வாரத்துச் செலவு மிச்சம். 'கிளெர்க்ஸ்' குழு இந்த வழக்கத்தைத் தொடரின் இரண்டாவது எபிசோடிலேயே செய்தது. டான்டேயும் ராண்டலும் கடையின் குளிர்சாதன அறைக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய நினைவுகளில் மூழ்குகிறார்கள். மூழ்குவதற்கு அவர்களிடம் இருப்பதோ போன வாரத்து எபிசோடு ஒன்றே ஒன்று! அதையே ஏதோ பொற்காலம் போல நினைத்து உருகுகிறார்கள். முதல் எபிசோடைப் பார்த்துவிட்டு வருபவன் சோபாவிலிருந்து உருண்டு விழுவான். தொலைக்காட்சியைத் தெரிந்தவர்கள் தொலைக்காட்சியைக் கிண்டல் செய்த மிகத் துல்லியமான இடம் அது.

அந்த முதல் எபிசோடைக் காட்டாமலே ஏபிசி இதைக் காட்டியது. முன்பின் காணாத காட்சிகளை இரண்டு பேர் நினைவுகூர்கிறார்கள், பார்ப்பவனுக்கு ஒன்றும் புரியவில்லை, சானலை மாற்றுகிறான். பிறகு "பார்வையாளர் எண்ணிக்கை இல்லை" என்று தொடரை நிறுத்துகிறார்கள். தாலி கட்டுவதற்கு முன்பே வளைகாப்பு நடத்திவிட்டு, விருந்தாளிகள் முகம் சுளித்தார்கள் என்று குறைப்பட்டால் எப்படி?

2001 பிப்ரவரியில் டிவிடி வந்தது. ஆறு எபிசோடுகளும், எழுதியவர்கள் நினைத்த வரிசையில், எடுத்தவர்களே படத்தின் மேல் பேசிக்கொண்டு வரும் கமெண்டரியோடு. அந்தத் தட்டைப் போட்டு முதலாவதையும் இரண்டாவதையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த நகைச்சுவை முதன்முதலாகச் சென்று சேர்ந்தது. தேசிய சானலில் காட்டியபோது போய்ச் சேராதது வீட்டுக் கூடத்தில் போய்ச் சேர்ந்தது. இதைச் சரக்குத் தள்ளுவது என்று எப்படிச் சொல்ல மனம் வரும்?

இது ஒரு தொடரின் தனிக்கதையும் இல்லை. 'ஃபியூச்சுராமா' என்ற கார்ட்டூன் தொடரை ஃபாக்ஸ் சானல் ஞாயிறு மாலையில், அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் எப்போது நீண்டாலும் விழுங்கிவிடும் நேரத்தில் வைத்தது. எபிசோடுகள் தள்ளித் தள்ளிப் போயின, வரிசை குலைந்தது. நான்கு பருவங்களாக (சீசன்களாக) தயாரித்த 72 எபிசோடுகளை ஐந்து பருவங்களாக இழுத்து, 2003 ஆகஸ்டில்தான் காட்டி முடித்தார்கள். டிவிடி தொகுப்புகளில் அவை தயாரித்த வரிசைக்கே திரும்பின. அந்த விற்பனையும் வேறொரு சானலில் ஓடிய மறுஒளிபரப்பும் சேர்ந்துதான் 2007 முதல் நேரே டிவிடியாக வெளிவந்த நான்கு படங்களையும், பிறகு புதிய எபிசோடுகளையும் கொண்டுவந்தன. 'ஃபேமிலி கை' கதை எல்லோரும் அறிந்தது. 2002-இல் ஃபாக்ஸ் நிறுத்தியது, 2003-இல் முதல் தொகுப்பு சுமார் 22 லட்சம் பிரதிகள் விற்றது, 2005-இல் அதே சானல் அழைத்துக்கொண்டது. எனக்கு அந்தத் தொடர் அவ்வளவாகப் பிடிக்காது. ஆனாலும் காசு கொடுத்துத் தட்டு வாங்கிய ரசிகர்கள் ஒரு சானலின் முடிவை மாற்றினார்கள் என்பது நடந்த உண்மை.

டிவிடி என்றாலே நியாயம் கிடைத்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். 'மிஷன் ஹில்' என்று ஒரு தொடர். 'சிம்ப்சன்ஸ்' தொடரின் ஏழாம், எட்டாம் பருவங்களை நடத்திய பில் ஓக்லியும் ஜாஷ் வைன்ஸ்டைனும் உருவாக்கியது. கார்ட்டூன் வரையும் கனவோடு நகரத்தில் பிழைக்கும் ஆண்டி, அவன் தலையில் வந்து விழும் பள்ளிக்கூடத் தம்பி கெவின், அதே கட்டடத்தில் பல வருடங்களாகச் சேர்ந்து வாழும் கஸ், வாலி என்ற இரண்டு வயதான ஆண்கள். அந்த இருவரின் காதலைக் கேலிப்பொருளாக்காமல், மற்ற எந்தத் தம்பதியையும் போலச் சண்டையும் பாசமுமாகக் காட்டிய விதம் 1999-க்கு எவ்வளவு பெரிய விஷயம்! டபிள்யூபி சானல் அந்த ஆண்டு செப்டம்பரில் ஆரம்பித்து, இரண்டு எபிசோடோடு எடுத்துவிட்டது. அடுத்த கோடையில் இன்னும் சிலவற்றைக் காட்டிவிட்டுக் கைகழுவியது. 13 எபிசோடுகளும் முழுதாக ஓடியது 2002-இல், பெரியவர்களுக்கான கார்ட்டூன்களை இரவில் காட்டும் அடல்ட் ஸ்விம்மில்தான்.

2005 இறுதியில் அதன் டிவிடி வந்தது. பதின்மூன்றும் இருந்தன. ஆனால் காட்சிகளுக்குள் ஒலித்த பாடல்களில் பலவற்றை எடுத்துவிட்டு, பெயர் தெரியாத ஏதோ இசையை நிரப்பியிருந்தார்கள். காரணம் பணம். தொலைக்காட்சியில் காட்ட ஒரு பாட்டுக்கு வாங்கும் உரிமை வேறு, வீட்டுக்கு விற்கும் தட்டில் போட வாங்கும் உரிமை வேறு. கொஞ்சமே விற்கும் என்று கணக்குப் போட்ட தொடருக்கு இரண்டாவது உரிமையை வாங்க யாரும் முன்வருவதில்லை. இருபது வயதுகளில் இருப்பவர்களின் அறைக்குள் எந்த நேரமும் ஏதோ ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பாட்டு எது என்பதில்தான் அந்த அறையின் வாசனையே இருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டுப் பொதுவான ஒரு கிடார் சத்தத்தை வைத்தால், படம் அதேதான், வசனம் அதேதான், ஆண்டி மட்டும் கொஞ்சம் அந்நியனாகிவிடுகிறான். எனக்கு இது உண்மையிலேயே வலிக்கிறது.

நமக்கு இன்னொரு தடையும் இருந்தது. டிவிடிகளை உலகின் பகுதிவாரியாக மண்டலக் குறியீடு போட்டுப் பூட்டியிருந்தார்கள். அமெரிக்கத் தட்டுகள் முதல் மண்டலக் குறியீட்டில் வரும், இந்தியாவுக்கு ஐந்தாம் மண்டலம். எல்லா மண்டலத் தட்டையும் ஏற்கும் பிளேயர் வீட்டில் இல்லையென்றால், காசு கொடுத்து வரவழைத்த அசல் தட்டே திரையில் ஒரு எச்சரிக்கையை மட்டும் காட்டிவிட்டு நின்றுவிடும். நியாயமாக வாங்க நினைத்தவனைத் திருட்டுப் பிரதியின் பக்கம் தள்ளிவிட்ட ஏற்பாடு அது.

இப்போது எல்லாம் இணையத்தில் கிடைக்கிறதே, தட்டு எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு 'ஃபைனல் ஸ்பேஸ்' நினைவில் இருக்கட்டும். விண்வெளியில் நடக்கும் நகைச்சுவையும் கண்ணீரும் கலந்த தொடர். மூன்று பருவங்களோடு 2021-இல் நிறுத்தப்பட்டது. அதை உருவாக்கிய ஓலன் ராஜர்ஸ், உரிமை வைத்திருந்த நிறுவனம் அந்தத் தொடரையே வரிக் கணக்கில் நஷ்டமாக எழுதிவிட்டது என்றும், இணையச் சேவைகளிலிருந்து அது அகற்றப்படும் என்றும் 2022-இல் அறிவித்தார். நிறுத்துவது ஒன்று, இருந்த சுவடே தெரியாமல் எடுத்துவிடுவது வேறொன்று. பெரிய நிறுவனங்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டன. அலமாரியில் இருக்கும் தட்டை யாராலும் இரவோடு இரவாக வந்து எடுத்துப்போக முடியாது.

ஒரு தொடரை நிறுத்தும் உரிமை சானலுக்கு உண்டு, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நிறுத்திய பிறகு அதை முழுமையாக, எழுதியவர்களின் வரிசையில், அதன் சொந்தப் பாடல்களோடு விற்பனைக்குக் கொண்டுவருவது கடமை என்று நினைக்கிறேன். 'மிஷன் ஹில்'லுக்குத் திட்டமிட்டது 18 எபிசோடுகள். மீதி ஐந்தும் முடிக்கப்படாமலே நின்றுவிட்டன. பழைய பாடல்களுக்கு உரிமை வாங்கி மறுபடியும் ஒரு தொகுப்பு போட எந்த நிறுவனமாவது முன்வந்தால், அந்த ஐந்துக்கும் கிடைக்கிற எழுத்தையும் ஓவியத்தையும் அதே பெட்டியில் சேர்த்துக் கொடுக்கட்டும். என்ன விலை வைத்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.