நட்பு இருக்கும் இடம்தான் கதை

ஆண் நண்பர்கள் இருவர் காதலர்களாக மாறும் கதைகளைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அவை நட்பைச் சிறுமைப்படுத்துகின்றன என்று அது சொல்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தக் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்ததே நட்பு இருக்கும் பகுதிதான். பல வருடம் பார்த்துப் பழகிய முகம் ஒருநாள் வேறு மாதிரி தெரிகிறது. சொன்னால் காதல் கிடைக்காமல் போகலாம், சரி. நண்பனும் போய்விடுவானே என்ற பயம்தான் கதையை நகர்த்துகிறது. முன்பின் தெரியாதவர்கள் காதலிக்கும் கதையில் இந்தப் பயத்துக்கு இடமே இல்லை. மூன்றாம் அத்தியாயத்திலேயே முத்தத்துக்குத் தாவும் எழுத்தாளர்கள் இதைத்தான் வீணாக்குகிறார்கள்.

அப்புறம், இந்தக் கதைகளின் மகிழ்ச்சியான முடிவு செயற்கை என்று அந்தக் கட்டுரையில் வரும் வரி என்னை வருத்தியது. ஆங்கில எழுத்தாளர் இ. எம். ஃபார்ஸ்டர் ‘மாரிஸ்’ நாவலை 1913-14இல் எழுதினார். கல்லூரி நண்பனைக் காதலித்து, அவன் விலகிப்போனபின் வேறொருவனோடு வாழ்வைத் தேர்ந்துகொள்ளும் ஒருவனின் கதை. அது மகிழ்ச்சியாகத்தான் முடியவேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அப்படி முடியும் கதையை அன்றைய இங்கிலாந்தில் வெளியிட வழியில்லை. அவர் இறந்தபின், 1971இல்தான் அச்சில் வந்தது. பிரிவில் முடியாத கதைகளை நான் தேடித்தேடிப் படிப்பது அதனால்தான்.