‘லைசென்ஸ் வேண்டாம்’ என்று சொல்லி விற்கிற ஸ்கூட்டர்

போன மாதம் எங்கள் அத்தைக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை பக்கம் எங்கள் ஊர் இறக்கத்தில் காலையில் பால் வாங்கிக்கொண்டு ஓரமாகத்தான் வந்திருக்கிறார், பின்னால் வந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் தட்டிவிட்டது. சத்தமே கேட்கவில்லை என்கிறார். ஓட்டியது ஒன்பதாம் வகுப்புப் பையன், பின்னால் அவன் தங்கச்சி, இரண்டு பேர் தலையிலும் ஹெல்மெட் இல்லை. நல்ல பிள்ளைதான், அத்தையைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு அழுதுகொண்டு நின்றான். அவன் அப்பா ஓடி வந்ததும் சொன்னது, “இதுக்கு லைசென்ஸ் வேண்டாம்னு சொல்லித்தானே கடையில தந்தாங்க”.

அவர் பொய் சொல்லவில்லை, கடையில் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள் அந்தச் சலுகையை எல்லா பேட்டரி வண்டிக்கும் தரவில்லை. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும், வேகம் 25 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவைத் தாண்டக் கூடாது. மூன்றும் சரி என்று சோதனை நிறுவனத்தின் சான்றும் இருந்தால்தான் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. ஒன்று தவறினாலும் பதிவு, பச்சை நம்பர் பலகை, இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாமே வேண்டும்.

அந்த வண்டியை நானே பார்த்தேன். சீட்டைத் தூக்கினால் கன்ட்ரோலரிலிருந்து வருகிற ஒயர்க் கொத்தில் ஒரு சின்ன வெள்ளை சாக்கெட், மோட்டாரை வரம்புக்குள் வைத்திருப்பது அதுதான். அதைக் கழற்றிக் கறுப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறார்கள். வேலை அவ்வளவுதான். அதற்கப்புறம் மீட்டரில் 48 வரை போகும் என்று பையனே சொன்னான். டேப் சுற்றின அந்த நிமிஷமே அது சட்டப்படி மோட்டார் வாகனம் ஆகிவிட்டது, வீட்டில் யாருக்கும் தெரியாது.

அத்தையின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு இன்சூரன்ஸ் என்று ஒன்றுமே இல்லை, அந்த அப்பா கடன் வாங்கித்தான் கொடுத்தார். நாங்கள் புகார் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி வண்டியைக் கொடுத்த பெற்றவருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் வரலாம், பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸே கிடைக்காது. ஒயரைக் கழற்றி விற்கிறவருக்கும் அதே சட்டத்தில் வண்டிக்கு ஒரு லட்சம் அபராதமோ ஓராண்டு வரை சிறையோ உண்டு. அப்படியிருந்தும் பிடிபடுவது எப்போதும் ஓட்டுகிறவன்தான், விற்றவரைத் தேடி யாரும் கடைக்குப் போவதில்லை. எனக்குக் கோபம் அங்கேதான்.

மக்கள் ஏன் கழற்றச் சொல்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நம் மாவட்டம் முழுக்க ஏற்ற இறக்கம். திருவட்டாறு, குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் போகிற ரோட்டில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு 250 வாட் மோட்டார் மேலே போகவே போகாது, செங்குத்தான இடத்தில் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். பெட்ரோல் விற்கிற விலையில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவருக்கு இந்த வண்டி பெரிய உதவி, அதைப் பிடுங்கச் சொல்லவில்லை. சலுகைக்கும் முழுப் பதிவுக்கும் நடுவில் ஒரு வகை வேண்டும் என்கிறேன். ஜெர்மனியில் 45 கிலோமீட்டர் வரை போகிற மின்சார சைக்கிளுக்கு ஆண்டுதோறும் நிறம் மாறும் ஒரு சின்ன இன்சூரன்ஸ் தட்டு உண்டு, பின்னால் மாட்டியிருந்தால் தூரத்திலிருந்தே தெரியும். லைசென்ஸும் ஹெல்மெட்டும் கட்டாயம். இங்கே அதைச் செய்ய என்ன தடை?

அதுவரைக்கும் வாங்குகிறவர்கள் சோதனைச் சான்றின் நகலைக் கேளுங்கள், பில்லில் மோட்டார் வாட்டையும் வேகத்தையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அந்த வண்டி வேண்டாம்.

அத்தைக்கு இன்னும் மூன்று வாரம் கட்டு இருக்கும். பையனின் அப்பா நேற்று அந்த ஒயரைத் திரும்ப மாட்டக் கடைக்குப் போயிருக்கிறார், “மாட்டினா உங்க வீட்டு ஏற்றத்துல ஏறாது அண்ணே” என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.