லார்ட் ஸ்டான்பார்ட்டின் கார்

(மெக்கானிக் ஷெட். ஹெரால்டு காரின் முன்பக்கம் மொத்தமும் பானெட்டோடு முன்னால் சாய்ந்து கிடக்கிறது. எஞ்சினுக்குள் காதர் பாய். பென்சிலும் தாளுமாக உரிமையாளர் சபாபதி.)

சபாபதி: பாய், வண்டியின் பூர்வீகம் தெரிந்துவிட்டது. பிரேசில்!

காதர்: நேற்று லண்டன் என்றீர்களே சார்?

சபாபதி: அப்பா ஒரு துரையிடம் வாங்கியது, லண்டன்தான். செல்போனில் வண்டியில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணைப் போட்டால் பிரேசில் என்கிறது.

காதர்: முழு எண்ணையும் போட்டீர்களா?

சபாபதி: அது 17 எழுத்து கேட்டது. துருவில் எனக்குத் தெரிந்தது 7 எழுத்து. முன்னால் என் போன் நம்பரைச் சேர்த்துக் கணக்கைச் சரிசெய்துவிட்டேன்.

காதர்: உங்கள் நம்பர் 98 என்று தொடங்குகிறது. பிரேசில் என்று சொல்லாமல் வேறென்ன சொல்லும்? முதல் இரண்டு எழுத்துதான் நாடு. எஸ்ஏ என்றால் இங்கிலாந்து, எம்ஏ என்றால் இந்தியா.

சபாபதி: நம் ஊரில் காருமா எம்ஏ?

காதர்: அதெல்லாம் 1980களில் பரவிய முறை சார். உங்கள் வண்டி அதற்கு மூத்தது. அப்போது ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோன்றியபடி எண் போட்டது. இங்கிலாந்து ஹெரால்டு 1200 என்றால் ஜிஏ என்று தொடங்கும்.

சபாபதி: (தாளை நீட்டி) பென்சிலால் தேய்த்து எடுத்தேன். இதோ ஜி!

காதர்: அது 6.

சபாபதி: வால் கொஞ்சம் நீண்ட ஜி.

காதர்: ஆர்டிஓ அலுவலகத்தில் போய் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

சபாபதி: சரி, எஞ்சின் பக்கம் ஒரு பாகத்தில் 'ஸ்டான்பார்ட்' என்று வார்த்திருக்கிறதே? லார்ட் ஸ்டான்பார்ட்! அப்பா சொன்ன துரை அவர்தான்.

காதர்: ஸ்டாண்டர்டு, பார்ட். சேர்த்துப் படியுங்கள். ஹெரால்டு செய்த இங்கிலாந்துக் கம்பெனி தன் உதிரிபாகங்களில் போட்ட பெயர். அந்த ஒரு பாகம் வேண்டுமானால் கப்பலேறி வந்திருக்கும்.

சபாபதி: மீதி?

காதர்: (பின்கதவைத் திறந்து) எத்தனை கதவு?

சபாபதி: நாலு.

காதர்: 1959 முதல் 1971 வரை இங்கிலாந்தில் ஹெரால்டு செய்தார்கள். ஒன்றுக்கும் பக்கவாட்டில் இரண்டு கதவுக்கு மேல் கிடையாது. நாலு கதவு ஹெரால்டு நம் மெட்ராஸ் ஸ்டாண்டர்டு கம்பெனி மட்டுமே செய்தது. உங்கள் லண்டன், வண்டலூர் பக்கம் சார்.

சபாபதி: (நெடுநேரம் கழித்து) ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை அழைப்புக்கு 'சீமைக் கார்' என்று முன்பணம் வாங்கிவிட்டேனே பாய்.

காதர்: திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சபாபதி: பின்கதவு இரண்டையும் திறக்க முடியாமல் பூட்டிவிட்டால்?

காதர்: மாப்பிள்ளை எப்படி இறங்குவார்?

சபாபதி: முன்சீட்டை மடக்கிக்கொண்டு குனிந்து வரட்டும். சீமையில் அப்படித்தானே இறங்கியிருக்கிறார்கள்!