கதையைப் பாதியில் நிறுத்தாதீர்கள்

சென்ற கொடை விழாவில், அதாவது ஊர்த் தெய்வத்துக்கு எடுக்கும் திருவிழாவில், எங்கள் ஊர்க் கோயிலில் நடந்ததை என்னால் இன்னும் செரிக்க முடியவில்லை. வில்லுப்பாட்டு எனப்படும் வில்லிசையைப் பாட வந்த குழுவின் தலைவியான ஓர் அம்மாள், முத்துப்பட்டன் கதையில், குடுமியையும் பூணூலையும் அறுத்தெறிந்து செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்ட அந்தப் பிராமணன், செருப்புத் தைக்கும் குலத்துப் பெண்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணம் முடித்த இடத்தைப் பாடிக்கொண்டிருந்தார். அப்போது விழாக் குழுவைச் சேர்ந்த ஒருவர் மேடையருகே வந்து, இன்னிசைக் கச்சேரிக்கு நேரமாகிவிட்டது, பதினைந்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள் என்றார். அம்மாள் குடம் அடிப்பவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கதையை அங்கேயே விட்டுவிட்டு, முடிவு வாழ்த்தான வாழி பாடி, வில்லைத் தட்டும் வீசுகோல்களை அதன்மேல் கிடத்தினார். மாடு திருட வந்தவர்களோடு பட்டன் மோதவுமில்லை, சாகவுமில்லை. கதையில் அந்தச் சாவு வரும்போது அருள் இறங்கும் என்று கோயில் வாசலில் காத்து நின்ற, சாமியாடுபவரான சாமிகொண்டாடி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒதுங்கிப் போனார்.

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் வில்லுப்பாட்டு என்பது பொழுதுபோக்குக்காக மட்டும் ஏற்படுத்தப்பட்டது அன்று. அது வழிபாட்டின் ஓர் உறுப்பு. கடவுள் வாழ்த்தான காப்பும், குரு வணக்கமான குருவடியும், அவையடக்கமும் பாடிக் கதைக்குள் நுழையும் பாடகர், பூசை எந்தக் கட்டத்தில் இருக்கிறது, சாமிகொண்டாடியின் உடம்பு எப்போது நடுங்கத் தொடங்குகிறது என்று ஒரு கண்ணால் கவனித்துக்கொண்டே, கதையை நீட்டவும் சுருக்கவும் உடுக்கையையும் குடத்தையும் உச்சத்துக்கு ஏற்றவும் தெரிந்தவராக இருக்க வேண்டும். இதை எந்த வகுப்பிலும் கற்றுவிட முடியாது. ஆண்டுக்கணக்காகக் குழுவில் பின்பாட்டுப் பாடியும் தாளம் போட்டும்தான் கைவரும். அநியாயமாகக் கொல்லப்பட்டவர்களே இந்தக் கதைகள் பலவற்றில் தெய்வமாகிறார்கள். திருநெல்வேலி மாவட்டத்துக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கும் முத்துப்பட்டனுக்கு இன்றும் செருப்பைத்தான் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். அது ஏன் என்று அடுத்த தலைமுறைக்கு விளங்க வேண்டுமானால், அந்தக் கதையை ஒருவர் முழுமையாகப் பாடியாக வேண்டும்.

வில்லிசையைப் பெருமேடைகளுக்குக் கொண்டுசென்ற சுப்பு ஆறுமுகத்துக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தபோது நான் மனமார மகிழ்ந்தேன். ஆனால் கோயில் வாசல்களிலேயே வாழ்நாள் முழுவதும் பாடிய குமரி மாவட்டத்துப் பூங்கனி அம்மாள், கடைசிக் காலத்தை வறுமையில் கழித்து 2018இல் மறைந்தார் என்பதையும் என்னால் மறக்க இயலவில்லை. பெண்கள் இரவில் வெளியே வரவே தயங்கிய காலத்தில் வில்லின் முன் அமர்ந்து ஊர் ஊராகப் பாடியவர் அவர்.

கொடைக் காலம் ஆண்டில் சில மாதங்கள்தாம். அதிலும் பெரும்பாலும் செவ்வாய், வெள்ளிக் கிழமைகளை ஒட்டியே கொடை நடப்பதால், ஒரே நாளில் பல ஊர்கள் அழைத்தாலும் ஓர் ஊருக்குத்தான் போக முடியும். மற்ற மாதங்களில் கூலி வேலைதான். கிடைக்கும் அந்தச் சில இரவுகளையும் இரண்டு மணி நேரமாக வெட்டினால் கூலி குறைவது ஒருபுறமிருக்க, பாடப்படாத பகுதிகள் பாடகரின் நினைவிலிருந்தே மெல்ல நழுவிப் போகின்றன. கதையின் பிற்பகுதியைப் பாடி நான்கு ஆண்டுகளாகிவிட்டன என்று எங்கள் ஊரில் பாடிய அந்த அம்மாள் என்னிடம் சொன்னார். சொல்லிக்கொண்டே வில்லிலிருந்து மணிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பழைய சேலைத் துணியில் பொதிந்தார்.

வரும் கொடைக்கு எங்கள் விழாக் குழுவிடம் நான் கேட்கப்போவது இதுதான்: இன்னிசைக் கச்சேரியை வேறொரு நாளில் வையுங்கள், கொடை நாளின் இரவை முழுமையாக வில்லுக்கு விடுங்கள், பேசிய தொகையில் பாதியை முன்பணமாகக் கொடுங்கள். அழைப்பிதழில் வெறுமனே ‘வில்லிசை’ என்று அச்சடிக்காமல், பாடுபவரின் பெயரையும், பாடப்போவது முத்துப்பட்டன் கதை என்பதையும் போடுங்கள். அந்த அம்மாளை அழைக்க நானே நேரில் போகிறேன்.