விரலை விட்டுப் பார்த்தே தீர்ப்பு சொல்லும் மகான்களுக்கு

பழைய மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சிசி, இரும்பு பிளாக் (சிலிண்டர்கள் இருக்கிற என்ஜின் உடல்). ஆயில் குடிக்கிறது, காலையில் ஸ்டார்ட் செய்தால் பின்னால் நீலப்புகை. என்ஜினை இறக்கியாச்சு. கையில் இருப்பது 25,000 ரூபாய். இந்த பிளாக்கை என்ன செய்யலாம் என்று ஒரு நேரான பதில் வாங்குவதற்குள், கொழிஞ்சாம்பாறைக்கும் கோயமுத்தூருக்கும் நடுவில் என் பொறுமை பிஸ்டனை விட அதிகமாகத் தேய்ந்துவிட்டது.

ஆளுக்கொரு தீர்ப்பு. எங்கள் ஊர் மெக்கானிக், "ரிங் மட்டும் மாத்துங்ணா, ஓடும்" என்றார்; பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையத்தைச் சொல்கிறார். பாலக்காட்டுச் சித்தூரில் இன்னொருவர் சிலிண்டருக்குள் ஆள்காட்டி விரலை விட்டு ஒரு சுற்று தடவினார், துணியில் கையைத் துடைத்தார், "ஸ்லீவ் போட்டே ஆகணும்" என்றார், அதாவது தேய்ந்த சிலிண்டருக்குள் புதுக் குழாய் செருகுவது. வேலந்தாவளம் தாண்டிப் போனால், பிளாக்கை வண்டியிலிருந்து இறக்கும் முன்பே லேத்காரர், "50 ஓவர்சைஸ்ல போர் பண்ணிடலாம்ங்க" என்கிறார், அதாவது சிலிண்டரை 0.50 மில்லிமீட்டர் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவது. உக்கடத்தில் கேட்டால், "எதுக்குங்க இந்தத் தலைவலி? ஹாஃப் என்ஜின் இருக்கு, தூக்கிட்டுப் போங்க." வேறொரு பழைய வண்டியிலிருந்து பிளாக்கும் பிஸ்டனுமாகக் கழற்றியது அது. எல்லோரிடமும் ரேட் இருக்கிறது. சிலிண்டரின் உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜை எடுத்து அளந்தவர் ஒருத்தர் இல்லை!

ஏனுங்க, விரல் என்ன மைக்ரோமீட்டரா? ஒரு தலைமுடி தடிமன் அளவு வித்தியாசத்தில் முடிவாகிற விஷயம் இது. இந்த என்ஜினுக்கு ஸ்டாண்டர்டு போர், அதாவது புதுசில் சிலிண்டரின் உள்விட்டம், 68.5 மில்லிமீட்டர். ஒவ்வொரு சிலிண்டரையும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். அப்போதுதான் மேலே அகன்று கீழே குறுகியிருக்கிறதா, வட்டம் முட்டையாகிவிட்டதா என்று தெரியும். கடைசியில் கேஜைக் கடன் வாங்கி, தெரிந்த ஒரு பையனை வைத்து அளந்தோம். மோசமான சிலிண்டரில் மேலே 68.61, கீழே 68.53. மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, ரிங் ஏறி நிற்கும் இடத்தில் நகத்தை வைத்து இழுத்தால் படிக்கட்டு மாதிரி தட்டுகிறது. இதில் புது ரிங்கைப் போட்டால் கொஞ்ச நாளில் மறுபடியும் புகைதான். ஸ்லீவ் போடுகிற அளவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. 0.25 ஓவர்சைஸ், அதாவது 68.75 வரை கடைந்தாலே தேய்மானம் மொத்தமும் போய்விடும்.

இங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஸ்டாண்டர்டு, அப்புறம் 0.25, அப்புறம் 0.50, அதற்கும் மேலே போனால்தான் ஸ்லீவ். எடுத்த எடுப்பிலேயே 50 கடைந்துவிட்டால் இன்னொரு முறை கடைவதற்கான இரும்பு சும்மா தூளாகிப் போகும். ஏன் 50 என்று லேத்காரரிடம் கேட்டேன். "25 பிஸ்டன் கடையில இருக்காதுங்க, ஆர்டர் போடணும்." கடைக்காரர் ஸ்டாக் வைக்காததற்கு என் பிளாக் ஆயுளை விட வேண்டுமா? அதோடு பிஸ்டன் வருவதற்குள் லேத்காரர் கடைந்து வைக்கிறாராம்! பிஸ்டனை முதலில் வாங்கி, அதை அளந்து, அதற்குத் தக்கபடி இடைவெளி விட்டுக் கடைவதுதான் முறை. இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது, முப்பது வருஷமாக லேத் ஓட்டுகிறவரிடம்.

ஹாஃப் என்ஜின் பேச்சு இதை விட அபாரம். என்ஜின் நம்பர் பொறித்திருப்பதே பிளாக்கில்தான். நான் வைத்திருப்பது கேரளா ரிஜிஸ்ட்ரேஷன் வண்டி. எந்தத் தமிழ்நாட்டு வண்டியிலிருந்து கழற்றியதோ தெரியாத பிளாக்கை மாட்டிக்கொண்டு போனால், ஆர்.சி. புதுப்பிக்கும்போது இன்ஸ்பெக்டர் நம்பரைப் பார்ப்பாரா, மாட்டாரா? பில் கேட்டால், "அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க சார்" என்று சிரிக்கிறார்கள். செக்போஸ்டில் நிற்கப் போவது அவரா, நானா? அதுவும் அந்த என்ஜினுக்குள் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். அங்கேயும் விரல் வைத்தியம்தான்.

ஹோனிங்கை, அதாவது கடைந்த சிலிண்டரைக் கல்லால் தேய்த்து முடிப்பதை, கேட்டால் எமரி பேப்பரைக் காட்டுகிறார்கள். கடைசல் தடத்தின் மேல் சரியான குறுக்குக் கோடுகள் விழுந்தால்தான் ஆயில் நிற்கும், ரிங் உட்காரும். முடித்த பிறகு மண்ணெண்ணெயில் ஒரு முக்கு, அவ்வளவுதானாம் கழுவுவது. கல் துகள் மண்ணெண்ணெயில் போகாது. சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். உடனே ஆயில் தடவ வேண்டும், இல்லாவிட்டால் துரு. பத்து ரூபாய் சோப்பில் முடிகிற வேலைக்கு ஏன் இவ்வளவு சலிப்பு?

சரி, 25 பிஸ்டனுக்கு ஆர்டர் கொடுத்தாச்சு. பிளாக் என் வீட்டில்தான் இருக்கும். பிஸ்டன் கைக்கு வந்து, என் கண் முன்னால் கேஜை வைத்து அளக்கிறவரிடம் மட்டும்தான் அது லேத் ஏறும். அதற்குள், "இந்தக் காசுக்கு புது வண்டிக்கு டவுன் பேமென்ட் கட்டியிருக்கலாமே" என்று சொல்லிக்கொண்டு வருகிற மாமன் மச்சான்கள், கையோடு மாதத் தவணைக்கும் செக் எழுதிக்கொண்டு வாருங்கள்.