ஜி7 வந்தாலே ‘ஒரு ஃப்ரெட் மேலே’தானா?

வேலூர், காட்பாடி பக்கம் கிட்டார் பழகுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது: “டாமினன்ட் கார்டு எது வந்தாலும், ஒரு ஃப்ரெட் மேலே உள்ள மெலடிக் மைனரை வாசி, ஜாஸ் வந்துவிடும்.” (டாமினன்ட் கார்டு என்பது ஜி7 போல, அடுத்த கார்டுக்கு இழுக்கும் நாலு சுரக் கூட்டு; ஜி7 என்றால் ஜி, பி, டி, எஃப். மெலடிக் மைனர் ஒரு ஏழு சுர வரிசை. ஒரு ஃப்ரெட் என்பது அரைச்சுரம்.) இது பாதி உண்மை.

ஜி7-க்கு, ஜி-யிலிருந்து ஒரு ஃப்ரெட் மேலே உள்ள ஏ ஃப்ளாட் மெலடிக் மைனர் வாசித்தால் கிடைப்பது ஆல்டர்டு ஸ்கேல் என்ற திரித்த சுரவரிசை. கார்டின் ஜி, பி, எஃப் அதில் உண்டு; டி கிடையாது. அதற்குப் பதில் இரு பக்கமும் டி ஃப்ளாட்டும் ஈ ஃப்ளாட்டும் நின்று உரசும். அந்த உரசல் சி மைனர் போன்ற ஒரு சி கார்டில் போய் இறங்கும்போதுதான் இனிக்கும். ஜி7 எங்கும் போகாமல் நின்றால், சுருதி பிசகியது போலத்தான் கேட்கும்.

அங்கே வேண்டியது டி மெலடிக் மைனர். ஜி-யிலிருந்து எண்ணினால் அது லிடியன் டாமினன்ட் என்ற சுரவரிசை. சி ஷார்ப் மட்டும்தான் கொஞ்சம் குறும்பு. கச்சேரி கேட்ட காதுக்கு இது அந்நியமல்ல. மெலடிக் மைனரின் சுரங்கள் கௌரிமனோகரி, 23ஆவது மேளம். அதன் மத்யமத்தை ஷட்ஜமாக்கினால் 64ஆவது மேளமான வாசஸ்பதி. (கமகம் வேறு கதை.)

எளிய 12 பார் (பன்னிரண்டு தாளச் சுற்றில் முடியும்) ஜி ப்ளூஸில் சோதியுங்கள்: முதல் மூன்று பார் டி மெலடிக் மைனர், சி7-க்குப் போகுமுன் நாலாவது பாரில் மட்டும் ஏ ஃப்ளாட் மெலடிக் மைனர்.

படத்தின் அடியில் “இறங்கும்போது நேச்சுரல் மைனர்” என்று இன்னொரு வரி; அதாவது ஆறாவது, ஏழாவது சுரங்களை அரைச்சுரம் இறக்கி வாசிப்பது. அது மேற்கத்திய செவ்வியல் பாடப் பழக்கம். ஜாஸில் ஏறினாலும் இறங்கினாலும் அதே ஏழு சுரம்தான்.